கைகளை எண்ணி மூட்டை கட்டுங்கள்: குடும்பத்தோடு ஊட்டிக்குச் சுமை குறைவாகப் போக ஒரு முழுமையான வழிகாட்டி

குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பும்போது பெரும்பாலும் ஆட்களை எண்ணித்தான் மூட்டை கட்டுகிறோம். ஐந்து பேர் என்றால் ஐந்து பேருக்கு நாளுக்கு இரண்டு உடை, ஐந்து துண்டு, ஐந்து போர்வை என்று கணக்கு ஓடும். கடைசியில் ஏழெட்டு உருப்படி வாசலில் நிற்கும். உண்மையில் எண்ண வேண்டியது கைகளை. ரயில் மாறும்போது, பேருந்தில் ஏறும்போது, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும்போது எத்தனை கை காலியாக இருக்கும்? அந்தக் கைகள் தூக்கக்கூடியதுதான் உங்கள் மொத்தச் சுமை. அதற்குள் எல்லாம் அடங்க வேண்டும்.

பொதுவாகச் சொன்னால் எதுவும் மனதில் நிற்காது என்பதால் ஒரு பயணத்தை எடுத்துக்கொள்கிறேன். சென்னையிலிருந்து மே மாதம் ஊட்டி. அப்பா, அம்மா, ஒன்பது வயதுப் பெண், மூன்று வயதுப் பையன், எழுபதைத் தொட்ட பாட்டி. போகும்போது மேட்டுப்பாளையம் வரை ஓர் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ், அங்கிருந்து ஊட்டிக்கு மலை ரயில், ஊட்டியில் மூன்று இரவு, திரும்பும்போது இன்னோர் இரவு ரயில். கொடைக்கானலுக்கோ ஏற்காட்டுக்கோ போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் கைக்கணக்கு

மேட்டுப்பாளையம் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். காலையில் வந்து இறங்குகிறீர்கள். அகல ரயில் பாதை அங்கே முடிகிறது. மலை ரயில் மீட்டர் கேஜ் என்னும் குறுகலான பாதையில் ஓடுவது, நிற்பது வேறு நடைமேடை. 7.10-க்கு அது கிளம்பிவிடும் (நேரம் மாறியிருக்கிறதா என்று பயணத்துக்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்). நீலகிரி எக்ஸ்பிரஸ் சற்றுத் தாமதமாக வந்தால் இடையில் நிதானமாக நடக்க நேரம் இருக்காது.

அந்த நேரத்தில் பையன் தூக்கக் கலக்கத்தில் அம்மாவின் இடுப்பில் இருப்பான். பாட்டியின் ஒரு கை படிக்கட்டின் கம்பியைப் பிடிக்க வேண்டும், மறு கை பேத்தியின் கையில். ஆக, காலியாக இருப்பவை அப்பாவின் இரண்டு கைகள், அம்மாவின் ஒரு கை. அவற்றிலும் ஒன்று டிக்கெட் காட்டவும், பாட்டியைத் தாங்கவும் காலியாகவே இருக்க வேண்டும். மிச்சத்தை முதுகுகள்தான் சுமக்கும்.

அப்படிப் பார்த்தால் விடை தானாக வருகிறது. அப்பாவின் முதுகில் ஒரு பெரிய பை, கையில் ஒரு ட்ராலி. அம்மாவின் முதுகில் நடுத்தரமான பை. பெண்ணுக்குச் சின்னதாக ஒரு முதுகுப் பை. பாட்டிக்குத் தோளில் குறுக்காக மாட்டும் கைப்பை. தனியாகச் சாப்பாட்டுக் கூடை, போர்வை மூட்டை, கட்டைப்பை எதுவும் கிடையாது. அவற்றுக்குக் கை இல்லை.

எடையையும் இங்கேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ட்ராலி 10 கிலோ, அப்பாவின் பை 8, அம்மாவின் பை 5. பெண்ணின் பைக்கு ஒரு நல்ல அளவுகோல் உண்டு: புத்தகப் பை மாணவரின் உடல் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. 25 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இரண்டரைக் கிலோ. சுற்றுலாப் பைக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். எல்லாம் சேர்த்து 26 கிலோவுக்குள் முடியும்.

ரயில்வே ஸ்லீப்பர் வகுப்பில் ஒருவருக்கு 40 கிலோவும், இரண்டடுக்கு ஏசியில் 50 கிலோவும் இலவசமாக அனுமதிக்கிறது. அந்த எண்ணைப் பார்த்து மூட்டை கட்டாதீர்கள். அது வண்டி தாங்கும் கணக்கு. படிக்கட்டு ஏறப்போகும் முழங்காலுக்கு வேறு கணக்கு.

பையின் வெற்று எடையைப் பாருங்கள்

கடினமான ஓடு போட்ட 28 அங்குலப் பெட்டி ஒன்றும் வைக்காமலே நாலு கிலோவைத் தாண்டும். பத்துக் கிலோவில் கிட்டத்தட்டப் பாதி அங்கேயே போயிற்று. பெரிய பெட்டி இருந்தால் அதை நிரப்பத்தான் தோன்றும் என்பது இன்னொரு சிக்கல். 20 முதல் 22 அங்குலத் துணி ட்ராலி போதும், அது பெர்த்துக்கு அடியிலும் சுலபமாக நுழையும்.

மலை ரயிலுக்கு இது இன்னும் முக்கியம். அந்தப் பெட்டிகளின் அமைப்பே வேறு. பெட்டியின் முழு அகலத்துக்கும் எதிரெதிராகப் பலகை இருக்கைகள், ஒவ்வொரு பகுதிக்கும் வெளியே திறக்கும் தனிக் கதவு. உள்ளே ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போக முடியாது. பெரிய பெட்டி கொண்டுபோனால் அது உங்கள் கால் வைக்கும் இடத்தில்தான் நிற்கும், அதுவும் ஐந்து மணி நேரத்துக்குப் பக்கமாக.

தங்குமிடத்துக்கு ஒரு போன்

துணியை எடுத்து வைக்கும் முன் விடுதிக்கு ஒரு போன் போடுங்கள். துண்டு தருவீர்களா, கூடுதல் கம்பளி உண்டா, அறையில் கெட்டில் இருக்கிறதா, வெந்நீர் எந்த நேரத்தில் வரும், குழந்தைக்குப் பால் காய்ச்சித் தருவீர்களா, இஸ்திரிப் பெட்டி கிடைக்குமா? ஐந்து நிமிடப் பேச்சு. கம்பளியும் துண்டும் உண்டு என்று தெரிந்தாலே மூன்று நான்கு கிலோ இறங்கிவிடும். வீட்டில் சேரும் அதிகச் சுமையில் பாதி "அங்கே இருக்குமோ, இருக்காதோ" என்ற சந்தேகத்தால் வருவது. கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒன்றுக்காக முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

கம்பளி கிடையாது என்று சொன்னால் மட்டும் பாட்டிக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ரயிலில் ஏசி வகுப்பு என்றால் படுக்கை விரிப்பு, தலையணை, கம்பளி மூன்றும் தருவார்கள். ஸ்லீப்பரில் இலவசமாக எதுவும் தர மாட்டார்கள், ஆளுக்கொரு மெல்லிய பருத்திப் போர்வை வேண்டும். மே மாதம் என்பதால் அதற்கு மேல் தேவைப்படாது.

உடை: இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும்

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மே மாதத்தில் பகலில் 22, 23 டிகிரி வரை போகும், இரவில் 12 டிகிரி அளவுக்கு இறங்கும். சென்னைக்காரர்களுக்கு அது குளிர்தான், ஆனால் பனிப்பிரதேசக் குளிர் அல்ல. தடித்த ஜாக்கெட் ஒருவருக்கும் வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும்போது போகிறவர்கள் கதை வேறு.

ஒரே தடித்த உடைக்குப் பதிலாக மெல்லிய உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவது எடையையும் குறைக்கும், வெயில் வந்தால் கழற்றவும் வசதி. உள்ளே பனியன், மேலே சட்டை, அதன்மேல் மெல்லிய ஸ்வெட்டர், காற்றடித்தால் விண்ட்சீட்டர். ஸ்வெட்டர் ஆளுக்கு ஒன்றே ஒன்று. புகைப்படத்தில் நான்கு நாளும் ஒரே ஸ்வெட்டரா என்று கேட்பவர்களுக்கு உள்ளே இருக்கும் சட்டையை மாற்றச் சொல்லுங்கள். ஸ்வெட்டரே இல்லாத குடும்பங்கள் சென்னையில் அலைந்து வாங்க வேண்டியதில்லை. ஊட்டித் தாவரவியல் பூங்காவுக்கு எதிரே திபெத்தியர் சந்தை இருக்கிறது, அங்கே வாங்கி அங்கேயே போட்டுக்கொள்ளலாம்.

ஜீன்ஸை நான் ஆதரிப்பதில்லை. பெரியவர்களின் ஜீன்ஸ் ஒன்று அரைக் கிலோவுக்கு மேல் வரும், நனைந்தால் மலைக்குளிரில் இரண்டு நாளானாலும் காயாது. விடாப்பிடியாக வேண்டும் என்பவர்கள் ஒன்றை மட்டும் ரயிலில் போட்டுக்கொண்டு வரட்டும், பையில் வைக்க வேண்டாம்.

காய்வது என்பது மலையூர்ப் பயணத்தில் பெரிய விஷயம். இரவில் அலசிப் போட்டால் காலையில் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனை ராமேஸ்வரத்துக்கும் திருச்செந்தூருக்கும் சரி. ஊட்டியில் காற்றில் ஈரம், வெளியில் குளிர். பருத்தித் துணி மறுநாளும் சில்லென்று நமுத்துக் கிடக்கும். அதனால் துவைத்துக்கொள்ளலாம் என்று நம்பித் துணியைக் குறைக்காதீர்கள். துவைக்காமலே சமாளிக்கும் அளவு எடுத்துக்கொள்ளுங்கள், அதையும் லேசான துணியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

என் கணக்கு இது:

- அப்பா: போட்டிருப்பது போக இரண்டு பேண்ட், மூன்று சட்டை, ஒரு கைலி.
- அம்மா: போட்டிருப்பது போக மூன்று டாப்ஸ், எல்லாவற்றுக்கும் சேரும் நிறத்தில் இரண்டு பேண்ட், ஒரு துப்பட்டா, ஒரு நைட்டி.
- பாட்டி: கட்டியிருப்பது போக மூன்று சேலை. பூனம் மாதிரி நழுவும் துணி என்றால் மூன்று சேலையும் ஒரு கனமான கைத்தறிச் சேலையின் இடத்தில் அடங்கும், ஈரமும் சீக்கிரம் ஆறும். பட்டுக்கரை எதுவும் வேண்டாம். ஒரு சால்வை கட்டாயம்.
- பெண்: நாளுக்கொன்று, மேலே ஒன்று.
- பையன்: நாளுக்கு இரண்டு. கூடுதலாக இரண்டு கால்சட்டை.

உள்ளாடை எல்லோருக்கும் நாட்களின் எண்ணிக்கைக்கு மேல் இரண்டு. சாக்ஸ் இரண்டு மூன்று ஜோடி, பாட்டிக்கும் சேர்த்து. இரவில் கால் சூடாக இருந்தால்தான் அவர்களுக்குத் தூக்கம் வரும்.

குழந்தைகளின் துணியில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். பையனின் நாலு உடை சேர்ந்தாலும் அப்பாவின் ஒரு பேண்டின் எடைதான் வரும். எடை ஒளிந்திருப்பது பெரியவர்களின் பேண்ட், செருப்பு, துண்டு, போர்வை, பெட்டியின் வெற்று எடை ஆகிய ஐந்தில்தான். அங்கே குறையுங்கள்.

துண்டு என்றதும் பூத்துண்டு நினைவுக்கு வரும். அதை வீட்டிலேயே விடுங்கள். ஈரிழைத் துண்டு பையில் இருக்கும் இடமே தெரியாது, தலை துவட்டவும் நன்றாக இருக்கும், மலையிலும் ஓரளவு காயும். குடும்பத்துக்கு மூன்று போதும்.

காலணி ஆளுக்கு ஒரு ஜோடி காலில். அறைக்குள் நடக்க ரப்பர் செருப்பு இரண்டு ஜோடி, பெரியவர்கள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். மே மாதத்தில் பிற்பகல் மழை ஊட்டியில் சகஜம். பெரியவர்களுக்கு இரண்டு மடக்குக் குடை, பிள்ளைகளுக்கு மழைக்கோட்டு. குடையைப் பிடித்தபடி குழந்தைகளால் நடக்க முடியாது, நம் கையும் காலியாக இருக்காது.

ஒரு குடும்பம், ஒரு பற்பசை

பற்பசை, தேங்காயெண்ணெய், சோப்பு, ஷாம்பு, முகப்பவுடர் எல்லாம் வீட்டுக்கு ஒன்று. எண்ணெயை முழு பாட்டிலாக எடுக்காமல் மூடி இறுகும் சின்னக் குப்பியில் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டிக் குளிரில் தேங்காயெண்ணெய் உறைந்துவிடும், வாயகன்ற குப்பியாக இருந்தால் விரலால் எடுக்கலாம். சார்ஜரும் அப்படித்தான். இரண்டு போனை ஒன்றாக ஏற்றும் சார்ஜர் ஒன்று, வயர் இரண்டு, பவர் பேங்க் ஒன்று.

டயபர் எடை குறைவு, ஆனால் அடைத்துக்கொள்ளும் இடம் அதிகம். ரயிலுக்கும் முதல் நாளுக்கும் போதுமானதை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை ஊட்டியில் வாங்குங்கள். கமர்ஷியல் ரோடு, சேரிங் கிராஸ் பக்கம் கடைகளுக்குக் குறைவில்லை. பிஸ்கட், பால் பவுடர், சோப்பு இதற்கெல்லாமும் இதே பதில்தான். நாம் போவது ஓர் ஊருக்கு, ஆளில்லாத காட்டுக்கு அல்ல.

குறைக்கக் கூடாதவை

சுமை குறைக்கும் உற்சாகத்தில் சிலவற்றில் கை வைத்துவிடக் கூடாது. பாட்டியின் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் பயண நாட்களுக்கு மேல் மூன்று நாளுக்குக் கூடுதலாக இருக்கட்டும். வெட்டிய துண்டுகளாக இல்லாமல் பெயர் தெரியும்படி முழு அட்டையாக வையுங்கள். மருந்துச் சீட்டைப் போனில் படமெடுத்து இரண்டு பேர் போனிலும் வைத்திருங்கள். மாத்திரை பாட்டியின் கைப்பையில், அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். ட்ராலிக்குள் போகவே கூடாது. இன்சுலின் போடுகிறவர் என்றால் அது நேர் வெயில் படாமலும் உறைந்துபோகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளுக்குக் காய்ச்சல் மருந்து, ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு, ஒரு தெர்மாமீட்டர், கொஞ்சம் பிளாஸ்திரி. மலைப்பாதையில் வாந்தி எடுக்கும் பிள்ளை என்றால் மருத்துவரிடம் முன்பே கேட்டு மருந்து வாங்கிவிடுங்கள். காகிதப் பைகள் நாலைந்து அம்மாவின் பையில் வெளிப்புறம் இருக்கட்டும்.

பையன் கட்டிக்கொண்டு தூங்கும் பொம்மை ஒன்று இருக்குமே, அதுவும் இந்தப் பட்டியலில்தான் வரும். எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வரட்டும். புதிய இடத்தில் முதல் இரவு அது இல்லாவிட்டால் வீட்டில் ஒருவருக்கும் தூக்கம் இருக்காது. மற்ற விளையாட்டுச் சாமான்களில் அவரவர் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒன்றைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். தாங்களே எடுத்து வைத்ததைச் சுமக்க அவர்கள் முணுமுணுக்க மாட்டார்கள்.

சாப்பாடு: போகும்போது இருக்கட்டும், பாத்திரம் வேண்டாம்

ரயில் சாப்பாட்டை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் புளியோதரையும் இல்லாமல் இரவு ரயில் எதற்கு? சுமை வருவது சாப்பாட்டால் அல்ல, தின்று முடித்த பின் ஐந்து நாளும் கூடவே வரும் காலி டிபன் கேரியரால். அதனால் ஆளுக்கொரு பொட்டலமாக வாட்டிய வாழை இலையில் கட்டி, மேலே செய்தித்தாள் சுற்றி நூல் போட்டுவிடுங்கள். சாப்பிட்டதும் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். முறுக்கு, தட்டைக்கு ஒரே ஒரு எவர்சில்வர் டப்பா. அது காலியானதும் உள்ளே சாக்ஸோ சார்ஜரோ போட்டு இடத்தை மீட்டுக்கொள்ளலாம்.

தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் இரண்டு. நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குக் கடுமையான தடை இருக்கிறது, கடையில் விற்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் அதில் அடக்கம். சோதனைச் சாவடியில் எடுத்துக்கொள்வார்கள், அபராதமும் உண்டு. ஊருக்குள் தண்ணீர் ஏடிஎம்கள் இருக்கின்றன, அங்கே நிரப்பிக்கொள்ளலாம். அந்த மலைக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை அது.

அடுக்கும் முறை: மஞ்சப்பை போதும்

பைக்குள் துணியைப் பிரித்து வைக்கத் தனிப் பைகள் விற்கிறார்கள். வீட்டில் கல்யாணங்களில் வந்த மஞ்சப்பைகள் கிடக்கும்போது அவை தேவையில்லை. 2021 டிசம்பரில் தமிழக அரசு "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கிய பிறகு அவற்றுக்குப் புது மரியாதையும் வந்திருக்கிறது. ஆளுக்கொரு மஞ்சப்பை, மேலே பேனாவால் பெயர். பெட்டியைத் திறந்தால் யாருடைய துணி எது என்று கிளற வேண்டியதில்லை. காலி மஞ்சப்பை மூன்று கூடுதலாக வையுங்கள்: அழுக்குத் துணிக்கு ஒன்று, ஈரத்துணிக்கு ஒன்று, திரும்பி வரும்போது வாங்கும் சாமானுக்கு ஒன்று.

சட்டை, டாப்ஸ், பிள்ளைகளின் துணியைச் சுருட்டி நிறுத்தி வையுங்கள். சேலையைச் சுருட்ட வேண்டாம், மடித்தபடி பெட்டியின் அடியில் விரித்துவிட்டால் அதுவே மெத்தை மாதிரி ஆகிவிடும்.

எது எந்தப் பையில் என்பதை எப்போது தேவைப்படும் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். ட்ராலி விடுதி அறை வரை திறக்கப்படாது. அப்பாவின் பை ரயிலில் ஒருமுறை திறக்கும்: போர்வை, பல்துலக்கும் சாமான், சாப்பாடு. அம்மாவின் பை எந்நேரமும் திறக்கும்.

இந்தக் கடைசிப் பையில்தான் மலை ரயிலுக்கானது இருக்க வேண்டும். மேட்டுப்பாளையத்தில் வியர்க்கும். கல்லாறு தாண்டி, பாதை நடுவே உள்ள பல்சட்டத்தைப் பல்சக்கரத்தால் பிடித்து வண்டி ஏறத் தொடங்கி, குன்னூர் வரும்போது சில்லென்றாகிவிடும். அதனால் ஐந்து பேரின் ஸ்வெட்டரும் மேலாகவே இருக்கட்டும், அல்லது இடுப்பில் கட்டியிருக்கட்டும். வண்டிக்குள் கழிப்பறை கிடையாது, வழியில் நிற்கும் நிலையங்களில்தான் போக வேண்டும். எனவே பையனுக்கு ஒரு முழு மாற்றுடை, ஈரத்துணிப் பை, துடைக்கும் துணி ஆகியவையும் இந்தப் பையில்.

அசல் அடையாள அட்டை, டிக்கெட், கொஞ்சம் சில்லறைப் பணம் அப்பாவின் சட்டைப் பையில். ரயிலில் போகாமல் சொந்தக் காரிலோ வாடகை வண்டியிலோ மலையேறுகிறவர்கள் இ-பாஸ் (இணையத்தில் பதிந்து பெறும் அனுமதி) எடுக்க வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

இரண்டு நாள் முன்பே ஒத்திகை

கிளம்பும் நாளில் மூட்டை கட்டினால் பயத்தில் எல்லாவற்றையும் திணிப்போம். இரண்டு நாள் முன்பே கட்டி முடித்து, எடை பாருங்கள். எடைக்கருவியில் முதலில் நீங்கள் மட்டும், பிறகு பையோடு. வித்தியாசம்தான் பையின் எடை. பிறகு நான்கு பேரும் அவரவர் பையை மாட்டிக்கொண்டு, பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு, வீட்டு மாடிப்படியில் ஒருமுறை ஏறி இறங்குங்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் இதைவிட நேர்மையான சோதனை கிடையாது. பாட்டி "எனக்கு ஒன்றும் கனமில்லை" என்பார். அவர் சொல்வதைக் கேட்காமல் மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள்.

எடை கூடினால் நீக்க வேண்டியதைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: இது இல்லாவிட்டால் ஊட்டியில் என்ன செய்வோம்? "கடையில் வாங்குவோம்", "விடுதியில் கேட்போம்", "இல்லாமலே இருப்போம்" இந்த மூன்றில் ஒன்று பதிலாக வந்தால் அந்தப் பொருள் வீட்டிலேயே இருக்கட்டும். மருந்துக்கும் பொம்மைக்கும் இந்தப் பதில்கள் வராது.

திரும்பும்போது

போகும்போதே ட்ராலியில் கால்வாசி இடம் காலியாக இருக்க வேண்டும். தேயிலை, தைல எண்ணெய், சாக்லேட் எல்லாம் கனமானாலும் சின்னவை. இடம் அடைப்பது வர்க்கி என்னும் மொறுமொறு பிஸ்கட்தான். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கி லேசில் நொறுங்கும், ட்ராலிக்குள் திணித்தால் தூள்தான் வீடு வந்து சேரும். சாப்பாடு இருந்த இடம் இப்போது அப்பாவின் பையில் மேல்பக்கம் காலி, வர்க்கிக்கு அதுவே இடம். தைல எண்ணெய்க் குப்பியை மட்டும் துணியில் சுற்றித் தனி மஞ்சப்பையில் வையுங்கள், கசிந்தால் மொத்தப் பெட்டியும் மணக்கும்.

மலை ரயிலில் இறங்கி வந்தால் மேட்டுப்பாளையத்தில் இரவு ரயிலுக்கு முன் கொஞ்ச நேரம் கிடைக்கும். அங்கே அழுக்குத் துணிப் பையை ட்ராலியின் மேல்பக்கம் கொண்டுவந்துவிடுங்கள், சென்னை வந்ததும் நேரே வாஷிங் மெஷினுக்குப் போய்விடும். ஸ்வெட்டர்கள் இனி அடியில் போகலாம், ஏசி வகுப்பு என்றால் பாட்டியின் சால்வையும் பையனின் ஸ்வெட்டரும் மட்டும் வெளியே. வீட்டுச் சாவியைக் கிளம்பும் அன்றே அம்மாவின் பையின் உள் ஜிப்பில் போட்டிருப்பீர்கள். சென்ட்ரலில் இறங்குவதற்கு முன் அதை எடுத்து அப்பாவின் சட்டைப் பைக்கு மாற்றிவிடுங்கள். வீட்டு வாசலில் பையன் மறுபடியும் தூங்கிக்கொண்டுதான் இருப்பான், அம்மாவின் கை காலியாக இருக்காது.